கிக் இயந்திரத்துக்கு, ஹை-ஹேட் கைக்கு: வீட்டு ஸ்டூடியோவில் டிரம்ஸ் தேர்வு

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் மெட்டமைத்த பாட்டு என் அறைக்கு வந்து சேர்ந்தது. கிட்டார், பேஸ், பாடகியின் குரல் எல்லாம் பதிவாகியிருந்தன. நிமிடத்துக்கு 92 அடி என்ற நடுத்தர வேகம். நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம். டிரம்ஸ் மட்டும் பாக்கி. வீட்டில் ஒலிப்பதிவு செய்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து தட்டி நிற்கிற இடம் இதுதான். கிட்டாரை மடியில் வைத்து வாசித்துவிடலாம். குரலைப் போர்வை கட்டிய மூலையில் நிறுத்திப் பதிந்துவிடலாம். டிரம்ஸுக்கு மட்டும் வீடு வளைந்து கொடுப்பதில்லை.

அந்த ஒரு பாட்டுக்கு ஐந்து வழிகளைத் தனித்தனியாகச் செய்து பார்த்தேன். உண்மையான டிரம்ஸ் செட்டை அறைக்குள் கொண்டுவந்து பதிவது. மவுஸால் ஒவ்வொரு அடியாகக் கணினியில் எழுதுவது. திரும்பத் திரும்ப ஓடும்படி ஆயத்தமாகக் கிடைக்கும் தாளத் துண்டுகளான லூப்களை அடுக்குவது. மின்னணு டிரம்ஸிலோ சிறிய பேடிலோ கையால் வாசித்து முன்பே பதிந்து வைத்த ஒலிகளான சாம்பிள்களை ஒலிக்க வைப்பது. வேறு ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் டிரம்மரிடம் கோப்பை அனுப்பி வாசித்து வாங்குவது. இரண்டு மாதம் இதிலேயே போயிற்று. முடிவில் நான் எடுத்துக்கொண்டது இந்த ஐந்தில் எதையும் முழுதாக அல்ல. செட்டையே இரண்டாகப் பிரித்தேன். காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய டிரம்மான கிக், கூர்மையாகச் சடசடக்கும் ஸ்நேர், மற்றத் தோல் டிரம்களான டாம் மூன்றையும் கணினியிடம் விட்டேன். மிதியால் திறந்து மூடும் இரட்டைத் தட்டான ஹை-ஹேட்டையும் மற்ற உலோகத் தட்டுகளான சிம்பல்களையும் உண்மையான உலோகத்தில், மனிதக் கையால் வாசித்துப் பதிந்தேன். வீட்டில் இசை செய்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பதை அறையிலிருந்தே தொடங்க வேண்டும்.

என் அறை நம் ஊரில் வழக்கமாகக் கட்டப்படும் படுக்கையறை. பத்தடி நீளம், பத்தடி அகலம், தரையிலிருந்து கூரைக்கும் ஏறத்தாழ பத்தடி. சுற்றிலும் செங்கல் சுவர், கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட். ஒலிக்கு இதைவிடக் கெட்ட வடிவம் அமைவது கடினம். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் ஓடுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3.05 மீட்டர் இருந்தால், ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் அதிர்வு அந்த இரண்டு சுவர்களுக்கு நடுவே சரியாகப் பொருந்தி நின்று அடங்காமல் முழங்கும். அறை கனசதுரமாக இருந்தால் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து அதே 56 ஹெர்ட்ஸைத் தூக்கிவிடும். கிக் டிரம்மின் அடிவயிற்று ஒலி இருக்கும் இடமும் 50 முதல் 80 ஹெர்ட்ஸ் வரைதான். ஆக, கிக்கை மிதித்த கணத்தில் கேட்பது கிக் அல்ல, அறை.

பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்தால் சரியாகிவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். சுவரோடு ஒட்டிய பஞ்சு ஒரு ஒலியைத் திறம்பட விழுங்க, அந்த ஒலியின் அலைநீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு தடிமன் வேண்டும். 56 ஹெர்ட்ஸுக்கு அது ஒன்றரை மீட்டர். நான்கு சுவருக்கும் ஒன்றரை மீட்டர் மெத்தை வைத்தால் அறையே மிஞ்சாது. ஆனால் ஹை-ஹேட்டின் ஒலி பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல், பத்தாயிரத்தையும் தாண்டிப் பரவியிருக்கிறது. அதற்கு வீட்டில் இருக்கும் இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளும் ஒரு தடித்த ஜமுக்காளமும் போதும். இந்த ஒரு வேறுபாட்டிலேயே பாதி விடை இருக்கிறது. முதலில் செட்டைக் கடன் வாங்கி அறையில் இறக்கியபோது எனக்கு இது தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, டிரம்ஸ் வாசிக்கும் தம்பி ஒருவரை வரவழைத்தேன். செட்டை வைத்ததும் கதவு முழுதாகத் திறக்கவில்லை. மின்விசிறியை நிறுத்தினோம், நிறுத்தாவிட்டால் அதன் இரைச்சல் சிம்பலின் தேய்வொலியோடு கலந்துவிடும். பத்து நிமிடத்தில் இருவருக்கும் வியர்வை வழிந்தது.

நான்கு மைக் வைத்தேன். கிக்குக்கு ஒன்று, ஸ்நேருக்கு ஒன்று, மேலே இரண்டு. மேல் மைக் இரண்டையும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தொலைவில் வைப்பது ஆங்கிலேய ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸின் பெயரால் வழங்கும் முறை. ஒரு மைக் ஸ்நேருக்கு நேர் மேலே. மற்றது தரை டாமின் பக்கமாக, ஸ்நேரைப் பார்த்தபடி. இதற்கு அளவுநாடாவைவிட ஒரு நூல் நல்லது. நூலின் ஒரு முனையை ஸ்நேரின் நடுவில் வைத்து, மறு முனையை இரண்டு மைக்குக்கும் மாறி மாறிப் பிடித்துப் பார்க்கலாம். அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரே ஸ்நேர் அடியின் ஒலி ஒரு மைக்கைவிட மற்றொன்றை ஒரு மீட்டர் கூடுதலாகக் கடந்து சேர்ந்தால் ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட் பிந்துகிறது. அவை இரண்டையும் கலக்கும்போது 170 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்நேரின் உடம்பு இருப்பதே அங்கேதான். மெலிந்துபோன ஸ்நேரை, வேண்டிய ஹெர்ட்ஸை மட்டும் ஏற்றி இறக்கும் ஈக்குவலைசரால் தூக்க முயன்று தோற்கிறவர்கள் முதலில் நூலை எடுத்துத் தொலைவைப் பார்க்க வேண்டும்.

நூல் பிடித்து வைத்தும் பதிவு எனக்குப் பிடிக்கவில்லை. கிக் ஒரே முழக்கமாக இருந்தது. ஸ்நேரின் ஒவ்வோர் அடியும் கூரையில் மோதி ஓர் அறையொலியாகத் திரும்பி வந்தது. கடினமான கூரை தலைக்கு மேல் ஐந்தாறு அடியில் இருந்தால் இதிலிருந்து தப்பிக்க முடியாது. டாம்களை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். ஆனால் ஒரு பகுதியில் அந்தத் தம்பி கிக்கையும் ஸ்நேரையும் விட்டு ஹை-ஹேட்டை மட்டும் எட்டு மாத்திரை வாசித்தார். தற்செயலாகப் பதிவான அந்த எட்டு மாத்திரை அவ்வளவு உயிரோடு இருந்தது. குச்சியின் நுனி படுவதும், நுனிக்குக் கீழே தடிக்கும் அதன் தோள்பட்டை படுவதும், கால் கொஞ்சம் தளர்வதும், அந்தத் தளர்வில் ஒலி அகல்வதும் எல்லாம் அதில் இருந்தன. அதை அழிக்காமல் வைத்துக்கொண்டேன்.

அடுத்தது மவுஸ். டிரம்ஸ் அடிகளைக் கட்டம் கட்டமாக எழுதுவதற்கு, எந்த ஒலி எப்போது எவ்வளவு அழுத்தமாக என்று எண்களால் சொல்லும் மிடி மொழி 1983-லிருந்தே இருக்கிறது. பிறகு வந்த பொதுத் தர அட்டவணைப்படி கிக் 36-ஆம் எண், ஸ்நேர் 38, மூடிய ஹை-ஹேட் 42, திறந்தது 46. ஒவ்வோர் அடிக்கும் 1 முதல் 127 வரை ஓர் அழுத்த அளவு உண்டு. இன்றைய டிரம்ஸ் லைப்ரரிகள், அதாவது பதிந்து வைத்த டிரம்ஸ் ஒலிகளின் தொகுப்புகள், இந்த எண்களுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கும் உழைப்பு வியப்பூட்டுவது. சுப்பீரியர் டிரம்மர் 3 என்ற லைப்ரரியின் ஒலிகளை பெல்ஜியத்தில் உள்ள கேலக்ஸி ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர் ஜார்ஜ் மாசன்பர்க் பதிவு செய்தார். 2017-இல் வெளியானபோது 230 ஜிகாபைட்டுக்கு நெருங்கிய ஒலிகள் அதில் இருந்தன. அந்தக் கூடத்தையும் என் பத்தடி அறையையும் ஒப்பிடவே முடியாது. காசு செலவழிக்க முடியாதவர்களுக்கு எம்டி பவர் டிரம்கிட் போன்ற இலவச லைப்ரரிகளும் ஹைட்ரஜன் போன்ற திறந்த மூல மென்பொருளும் உண்டு. கிக், ஸ்நேர் அளவில் அவையும் ஒரு பாட்டைத் தாங்கும்.

மூன்று இரவுகள் உட்கார்ந்து எழுதினேன். கிக்கும் ஸ்நேரும் முதல் இரவிலேயே நம்பும்படி வந்துவிட்டன. இரண்டாம், நான்காம் அடிகளில் ஸ்நேரை 105 முதல் 118 வரை ஏற்ற இறக்கமாக வைத்தேன். இடையில் வரும் மெல்லிய ஸ்நேர் அடிகளை 25 முதல் 40-க்குள் அடக்கினேன். நேரத்தையும் இயந்திரத்தின் கட்டத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தினேன். 92 வேகத்தில் ஓர் அடி 652 மில்லிசெகண்ட். அதில் கால் பங்கு 163. ஒன்றுவிட்டு ஒன்றைத் தாமதிக்கும் ஸ்விங் அளவை 50-லிருந்து 54-ஆக உயர்த்தினால் ஓர் அடியின் இரண்டாம், நான்காம் கால் பங்குகள் 13 மில்லிசெகண்ட் பிந்துகின்றன. எண்ணாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. காதில் விழுந்தால் பாட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த நிலையிலிருந்து சாய்ந்து உட்கார்ந்தது போல மாறுகிறது.

ஹை-ஹேட் மட்டும் மூன்று இரவும் பணியவில்லை. நான்கு நிமிடப் பாட்டில் ஓர் அடிக்கு இரண்டு தட்டாக வாசித்தால் ஹை-ஹேட் எழுநூறு தடவைக்கு மேல் ஒலிக்கிறது. ஸ்நேர் அதில் நான்கில் ஒரு பங்குதான். பொய் சொல்ல ஹை-ஹேட்டுக்கு வாய்ப்பு அதிகம். கேட்கிறவர் அதைக் கண்டுபிடிக்கவும் வாய்ப்பு அதிகம். அதோடு, ஸ்நேர் ஒரு நிகழ்வு. அடித்தோம், ஒலித்தது, முடிந்தது. ஹை-ஹேட் ஒரு தொடர்ச்சி. முந்தைய அடியின் அதிர்வு அடங்கும் முன்பே அடுத்த அடி அதன்மேல் விழுகிறது. கால் மிதியின் இறுக்கம் நொடிக்கு நொடி மாறுகிறது. லைப்ரரிகள் ஒரே அடிக்குப் பல பதிவுகளை மாற்றி மாற்றித் தருகின்றன. மிதியின் திறப்பை மிடியின் நாலாம் எண் கட்டுப்பாட்டால் எழுதவும் முடியும். நான் எழுதியும் பார்த்தேன். எழுநூறு அடிகளுக்கும் கால் எவ்வளவு இறுகியிருக்க வேண்டும் என்று மவுஸால் முடிவெடுப்பது, நடக்கும்போது ஒவ்வொரு தசைக்கும் தனித்தனியாகக் கட்டளையிடுவது போன்ற வேலை.

டிரம்ஸ் இயந்திரங்களின் வரலாற்றில் இந்த வில்லங்கம் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. உண்மையான டிரம்ஸ் ஒலிகளை எண்மமாகச் சேமித்து வாசித்த முதல் இயந்திரம் ரோஜர் லின் 1980-இல் கொண்டுவந்த எல்எம்-1. ஐயாயிரம் டாலரை ஒட்டிய விலை. ஆனாலும் அதில் கிராஷ் சிம்பலும் ரைடு சிம்பலும் இல்லை. சிம்பலின் ஒலி நீண்டு ஒலிக்கும். அவ்வளவு நீளத்தைச் சேமிக்கும் நினைவகம் அன்று விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. அதே ஆண்டு ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808, சிம்பலையும் ஹை-ஹேட்டையும் ஆறு சதுர அலைகளைக் கலந்து மின்சுற்றிலேயே உண்டாக்கியது. அது அழகான ஒலிதான். ஆனால் உலோகம் அல்ல. 1983-இல் வந்த டிஆர்-909-இல்தான் ரோலண்ட் ஒரு முடிவெடுத்தது. கிக், ஸ்நேர், டாம் ஆகியவற்றை மின்சுற்றிலேயே விட்டுவிட்டு, ஹை-ஹேட்டுக்கும் சிம்பலுக்கும் மட்டும் உண்மையான உலோகத்தின் பதிவை உள்ளே வைத்தார்கள். தோலை இயந்திரம் ஓரளவு செய்துவிடும், உலோகத்தைச் செய்யாது என்பதை அந்த வடிவமைப்பே ஒப்புக்கொள்கிறது. நான் என் அறையில் செய்த பிரிவினை அதே கோட்டில்தான் விழுகிறது. அவர்கள் உலோகத்தின் பதிவை வைத்தார்கள். நான் உலோகத்தோடு வாசிப்பவரையும் வைத்தேன்.

லூப்களைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. மெட்டு பிறக்கும் நேரத்தில், தாளம் எப்படி இருக்கலாம் என்று தேடும்போது, லூப் மிகச் சிறந்த துணை. முடிந்த பாட்டில் அது முட்டுக்கட்டை. குரல் ஓர் இடத்தில் மூச்சு வாங்கினால் டிரம்ஸும் அங்கே கொஞ்சம் ஒதுங்க வேண்டும். லூப்புக்கு அந்தக் குரல் இருப்பதே தெரியாது. ஒலியாகப் பதிந்த லூப்பை இன்னொருவரும் வாங்கிப் பயன்படுத்தி, தன் பாட்டை யூடியூபின் உரிமைச் சோதனையில் பதிவு செய்துவிட்டால், உங்கள் பாட்டின்மேல் உரிமைக் கோரிக்கை வந்து விழவும் கூடும். மிடி லூப் என்றால் அந்தத் தொல்லை குறைவு. அடிகளை மாற்றிக்கொள்ளவும் முடியும்.

மின்னணு டிரம்ஸ் வைத்திருப்பவர்கள் அதையே முதல் தேர்வாகக் கொள்ளலாம் என்று நினைப்பது இயல்பு. பாதி சரி. கை வாசித்த நேரமும் அழுத்தமும் மிடியாகப் பதிவாவது மவுஸால் எழுதுவதைவிட எத்தனையோ மடங்கு மேல். பதினாறு ரப்பர் கட்டைகள் உள்ள சிறிய பேடில் இரண்டு விரலால் கிக்கும் ஸ்நேரும் வாசித்தாலே அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். கணினியின் தாமதத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வினாடிக்கு 44,100 மாதிரி என்ற வீதத்தில், கணினி ஒரு தடவையில் சேர்த்து எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கையான பஃபர் 128 என்றால் ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட். 512 என்றால் 11.6. இதற்கு மேல் ஒலி அட்டையின் சொந்தத் தாமதமும் சேரும். மொத்தம் பத்தைத் தாண்டினால் கை தானாகவே முந்திக்கொள்ளத் தொடங்குகிறது; பிறகு பதிவெல்லாம் அவசரப்பட்டது போல இருக்கும். வாசிக்கும்போது 128-இலும், மிக்ஸிங்கின்போது 512-இலும் அதற்கு மேலும் வைத்துக்கொள்வதே நல்லது.

மாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு சொல். மின்னணு டிரம்ஸ் சத்தமில்லாதது என்று விற்பவர்கள் சொல்வது உங்கள் அறைக்கு மட்டுமே பொருந்தும். கிக் மிதியின் இடி கால்கள் வழியாகத் தளத்துக்குள் இறங்கி, கீழ்வீட்டில் யாரோ கூரையைத் தட்டுவது போலக் கேட்கும். இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைப் பதித்து ஒரு மேடை செய்து அதன்மேல் செட்டை வைத்தால் பெருமளவு அடங்குகிறது. இவ்வளவு செய்தும் ஹை-ஹேட் பேட் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. ரப்பர் தட்டின்மேல் குச்சி படும்போது கைக்குத் திரும்பி வரும் துள்ளல் வேறு; உலோகத்தில் வரும் துள்ளல் வேறு. வாசிப்பவரின் கை அந்தத் துள்ளலை வைத்துத்தான் அடுத்த அடியைத் தீர்மானிக்கிறது.

வெளியூர் டிரம்மரிடம் அனுப்புவதை நான் மதிக்கிறேன். டிரம்ஸ் இல்லாத பாட்டை, முன்னால் இரண்டு மாத்திரை எண்ணிக்கை ஒலியோடு, வேகத்தைக் குறிப்பிட்டு, 24 பிட் வேவ் கோப்பாக அனுப்ப வேண்டும். அவர் பத்துப் பன்னிரண்டு டிராக்காகத் திருப்பி அனுப்புவார். நல்ல கூடமும் நல்ல கையும் உள்ளவர் கிடைத்தால் ஐந்து வழிகளில் இதுவே தரத்தில் உயர்ந்தது. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் பாட்டு வளர்ந்துகொண்டிருக்கும்போது அவர் உங்கள் பக்கத்தில் இல்லை. சரணத்தை இரண்டு வரி சுருக்கினால் மறுபடியும் அனுப்ப வேண்டும், மறுபடியும் ஊதியம். எனக்கு வாசித்துத் தந்தவர் அருமையாக வாசித்தார். அதற்குள் எங்கள் பாட்டின் இரண்டாம் சரணம் மாறிவிட்டது. தவறு முழுக்க எங்களுடையது. பாட்டு இறுகிய பிறகு, வெளியீட்டுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கியிருந்தால், இந்த வழிக்குப் போகலாம்.

இனி நான் செய்த பிரிவினைக்கு வருகிறேன். முதலில் பேடில் விரலால் கிக்கையும் ஸ்நேரையும் வாசித்து, ஓரளவு திருத்தி வைத்தேன். பிறகு அந்தத் தம்பியை மறுபடியும் அழைத்தேன். இந்த முறை அவர் கொண்டுவந்தது ஹை-ஹேட் தாங்கியும் ஒரு கிராஷ் சிம்பலும் மட்டும். ஆட்டோவிலேயே வந்துவிட்டார். இரண்டு மெத்தைகளை அவர் முதுகுக்குப் பின்னாலும் பக்கத்திலும் நிறுத்தி, கீழே ஜமுக்காளம் விரித்தேன். சிறிய டயஃப்ரமுள்ள ஒரு கண்டென்சர் மைக்கை மேல் தட்டின் விளிம்புக்கு ஒரு சாண் உயரத்தில், தட்டின் நடுப்பக்கமாகச் சாய்த்து வைத்தேன். இரண்டு தட்டுகளும் சேரும் இடைவெளிக்கு நேரே வைத்தால் மூடும்போது வெளியேறும் காற்று மைக்கில் மோதிப் புஸ்ஸென்று பதிவாகிவிடும். பாட்டும் கணினியின் கிக்கும் ஸ்நேரும் அவர் காதில், ஹெட்போனில்.

முதல் முறை வாசித்தபோது அவர் முகம் சரியில்லை. "அண்ணா, இடது கைக்கு வேலை இல்லாமல் வலது கை தள்ளாடுகிறது" என்றார். டிரம்மரின் உடம்பு ஒரே முழுமை. ஒரு கையை மட்டும் பிரித்து வாசிக்கச் சொல்வது நியாயமில்லை. ஸ்நேர் இருக்க வேண்டிய இடத்தில் நாற்காலியின்மேல் ஒரு தலையணையை வைத்தேன். வலது காலுக்குக் கீழே வெறும் ஜமுக்காளம். அவர் முழு செட்டும் இருப்பதாக எண்ணி, தலையணையை ஸ்நேராக அடித்து வாசித்தார். தலையணையின் ஒலி மைக்குக்கு எட்டவே இல்லை. மூன்றே பதிவு. மூன்றாவது போதும் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

இந்தக் கட்டத்தில் பலர் செய்யும் தவறு, மனிதர் வாசித்ததைக் கணினியின் கட்டத்தோடு ஒட்டவைப்பது. நான் தலைகீழாகச் செய்தேன். அவர் சரணத்தில் கட்டத்துக்கு ஏழெட்டு மில்லிசெகண்ட் பின்னால் சாய்ந்து வாசித்திருந்தார். பல்லவி திரும்பும்போது கிட்டத்தட்டக் கட்டத்தின்மேலேயே வந்து நின்றார். பாடகியும் அதேபோலத்தான் பாடியிருந்தார். அவர் குரலைக் கேட்டுத்தான் இவர் வாசித்தார். எனவே கணினியின் கிக்கையும் ஸ்நேரையும் தம்பியின் ஹை-ஹேட்டுக்கு ஏற்ப நகர்த்தினேன். பெரும்பாலான ஒலிப்பதிவு மென்பொருள்களில் ஒரு டிராக்கின் அசைவை எடுத்து மிடியின்மேல் வார்க்கும் வசதி இருக்கிறது. அது முடிந்ததும், முன்பு நான் விரலால் வாசித்து வைத்திருந்த அதே கிக்கும் ஸ்நேரும், ஒரே ஆள் உட்கார்ந்து வாசித்தது போல ஆகிவிட்டன. ஒரு கை உண்மையாக இருந்தால் காது மற்றவற்றையும் நம்பிவிடுகிறது.

மிக்ஸிங்கிலும் இந்தப் பிரிவினை எதிர்பாராத வசதிகளைத் தந்தது. உண்மையான செட்டைப் பதிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி, ஸ்நேர் மைக்குக்குள் கசியும் ஹை-ஹேட். ஸ்நேரைக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்க 6,000 ஹெர்ட்ஸை ஏற்றினால் ஹை-ஹேட்டும் கூடவே ஏறிக் காதைக் குத்தும். இங்கே கசிவே இல்லை. ஸ்நேரை விரும்பிய அளவு பளிச்சிட வைக்கலாம்.

லைப்ரரி தரும் ஆயத்த ஸ்டீரியோ கலவையை எடுப்பதா, தனித்தனி வெளியீடுகளை எடுப்பதா என்பது அடுத்த கேள்வி. ஆயத்தக் கலவை உடனடியாகக் கவரும்; ஏனென்றால் அதற்குள் ஏற்கெனவே கம்ப்ரெஷனும் (உரத்த ஒலியை அமுக்கி ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) எதிரொலியும் தாராளமாகப் பூசப்பட்டிருக்கின்றன. தனியே கேட்டால் பிரமாதம், குரலோடு சேர்ந்தால் குரலுக்கு இடமில்லை. எல்லாவற்றையும் பதினாறு டிராக்காகப் பிரித்து வைத்துக்கொள்வதும் தொடக்கக்காரர்களைச் சோர்வில் தள்ளும். நான் ஐந்து டிராக் வைத்தேன்: கிக், ஸ்நேர், டாம்கள், லைப்ரரியின் மேல் மைக், லைப்ரரியின் கூட மைக் (ஒலிப்பதிவுக் கூடத்தின் விரிவைப் பிடித்த மைக்). லைப்ரரியின் ஹை-ஹேட்டை ஊமையாக்கிவிட்டதால் மேல் மைக்கிலும் கூட மைக்கிலும் கிக், ஸ்நேர், டாமின் விரிவு மட்டுமே இருந்தது.

ஒரு சிக்கல் வந்தது. கிக்கும் ஸ்நேரும் பெரிய கூடத்தில் இருக்கின்றன. ஹை-ஹேட் மெத்தைகளுக்கு நடுவில் இருக்கிறது. கண்ணை மூடிக் கேட்டால் டிரம்மரின் வலது கை மட்டும் பக்கத்து அறையில் இருந்து நீண்டு வருவது போல. கூட மைக்கைப் பாதியாகக் குறைத்தேன். ஹை-ஹேட்டை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, அரை வினாடி நீளமுள்ள சிறு அறை எதிரொலி ஒன்றுக்கு அனுப்பினேன்; அதே எதிரொலிக்கு ஸ்நேரையும் கொஞ்சம் அனுப்பினேன். இருவரும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டார்கள். திசையையும் சரிபார்க்க வேண்டும். டிரம்மரின் இடத்திலிருந்து பார்த்தால் ஹை-ஹேட் இடப்பக்கம். கேட்பவரின் இடத்திலிருந்து வலப்பக்கம். லைப்ரரியின் டாம்கள் எந்தப் பார்வையில் ஓடுகின்றனவோ அதே பார்வையில் ஹை-ஹேட்டையும் வைக்க வேண்டும்.

கம்ப்ரெஷனில் இரண்டு போக்கு உண்டு. ஸ்நேரின்மேல் நேரடியாக வைப்பது ஒன்று. ஒரு நகலை நசுக்கி அசலுக்கு அடியில் மெல்லக் கலப்பது மற்றொன்று. நேரடியாக வைத்தால், அமுக்கத் தொடங்க அது எடுத்துக்கொள்ளும் அட்டாக் நேரம் உயிர்நாடி. ஒரு மில்லிசெகண்டில் பிடித்தால் குச்சி படும் கூர்மையே மழுங்கிவிடும். 30-க்குப் பக்கத்தில் விட்டால் முதல் அடி தப்பித்து முன்னால் வரும், பின்னால் வரும் உடம்பு மட்டும் அடங்கும். நகல் முறையில் இதற்கு எதிராக, வேகமான அட்டாக்கும் பத்துக்கு ஒன்று விகிதமுமாகக் கடுமையாக நசுக்கலாம். அசல் அப்படியே இருப்பதால் கூர்மை போகாது. வீட்டு மிக்ஸிங்குக்கு நான் நகல் முறையையே பரிந்துரைப்பேன். அளவு மிகுந்துவிட்டால் நகலின் ஒலி அளவை மட்டும் கீழே இறக்கித் திருத்திவிடலாம். அந்த நகலுக்குள் சிம்பல் போனால் ஒவ்வொரு ஸ்நேர் அடிக்கும் சிம்பல் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும். நம் ஹை-ஹேட் தனியாக இருப்பதால் அதை வெளியே நிறுத்திவிட முடிகிறது. முழு செட்டைப் பதிந்தவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

மிகவும் நேரம் பிடித்தது கிக். பாட்டு ஏ சுருதியில். பேஸ் கிட்டாரின் திறந்த ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். கிக்கின் அடியொலியும் அங்கே. அறையின் முழக்கமும் அங்கே. போதாததற்கு, நான் அறையின் நட்டநடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சுவரோரத்தில் மிகுந்து நிற்கும் அதே 56 ஹெர்ட்ஸ், அறையின் நடுவில் கிட்டத்தட்டக் காணாமல் போகும். கேட்காததால் ஏற்றினேன், ஏற்றியதை நண்பர் காரில் போட்டபோது கண்ணாடி அதிர்ந்தது. நாற்காலியை முன்சுவரிலிருந்து நான்கடிக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்கு நகர்த்தினேன். கிக்கை லைப்ரரியிலேயே சுருதி ஏற்றி 65 ஹெர்ட்ஸ் பக்கம் கொண்டுபோனேன். 350 ஹெர்ட்ஸில் இருந்த அட்டைப்பெட்டி ஒலியைக் குறைத்தேன். கீழ்த்தளம் முழுவதையும் பேஸுக்கே கொடுத்துவிட்டேன். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் 65 ஹெர்ட்ஸ் எப்படியும் கேட்காது. அங்கே கிக் இருப்பதைச் சொல்வது 3,000, 4,000 ஹெர்ட்ஸில் உள்ள மிதியின் தட்டொலிதான். அதைக் கொஞ்சம் ஏற்றியதும் கைபேசியிலும் கிக் தெரிந்தது. பத்தடி அறையில் அடியொலி பற்றிய முடிவை ஹெட்போனில் மறுபடி சோதிக்காமல் எடுக்காதீர்கள்.

இந்தப் பிரிவினை எல்லாப் பாட்டுக்கும் பொருந்தாது. பறையும் தவிலும் உருமியும் கேட்கும் பாட்டு என்றால் சாம்பிளைத் தொடவே தொடாதீர்கள். சாம்பிள் என்பது அடித்தால் ஒலிக்கும் ஒற்றை நிகழ்வு; உருமியில் வளைந்த குச்சி தோலைத் தேய்த்துக்கொண்டே போகிறது, அந்த உறுமலுக்குத் தொடக்கமும் முடிவும் கட்டத்தில் இல்லை. பறையைக் காய்ச்சி வாசிக்கிறவர் சூடு தணியத் தணிய அடியையும் மாற்றிக்கொண்டே வருவார். கலைஞர்களுக்கு உரிய ஊதியம் கொடுத்து, மொட்டை மாடியிலோ பெரிய கூடத்திலோ வைத்துப் பதிவு செய்யுங்கள்.

டிரம்ஸிலும் அதே வகையான ஒன்று உண்டு. ஸ்நேரைக் குச்சிக்குப் பதில் கம்பி பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்து வாசிக்கும் மெதுவான பாட்டு. அங்கே ஸ்நேரே ஹை-ஹேட்டைப் போலத் தொடர்ச்சியாகிவிடுகிறது. அதனால் நான் போட்ட கோடு இடம் மாறி, ஸ்நேரும் கையின் பக்கம் வந்துவிடுகிறது. பிரஷ்ஷின் ஒலி மெல்லியது என்பதால் அதை மெத்தைகளுக்கு நடுவே வீட்டிலேயே பதியலாம். கூரையின் அறையொலியும் அவ்வளவு தொந்தரவு செய்யாது. கிக்கை மட்டும் கணினியிடம் விட்டால் போதும். நண்பரின் அடுத்த பாட்டு அப்படிப்பட்டது. தம்பியிடம் ஸ்நேரையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.